ஐப்பசி மழையில் ஆற்றோரம்

ஐப்பசி பிறந்தால் ராசிங்காபுரத்திலிருந்து பார்ப்பவருக்கு மேற்கு மலை தெரியாது, மேகம் மூடிவிடும். அந்த நாளில் போடிநாயக்கனூர் வழியாகக் குரங்கணிக்குப் போய், கொட்டகுடி ஆற்றோரமாக நடந்து பாருங்கள்! 2018-ஆம் ஆண்டுக் காட்டுத் தீயை மறவாமல், வனத்துறை அனுமதியோடு புறப்படுங்கள்.

மேலே டாப் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலை அங்கிருந்து கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கிய காலம் உண்டு. டாப் ஸ்டேஷன்வரை அதைச் சுமந்து வந்த சிறு ரயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் ஒழித்துவிட்டது. மலை மழையின் கோபம் அப்படி!

ஆகவே, தலைக்கு மேல் மழை இல்லையே என்று நம்பிவிடாதீர்கள். உச்சியில் பெய்த மழை சொல்லாமல் வரும். தெளிந்த நீர் செம்மண் நிறமாகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? உடனே கரையேறிவிடுங்கள், அக்கரை ஆசை வேண்டாம்.

பத்திரமாகத் திரும்பி, போடியில் ஏலக்காய் போட்ட தேநீர் குடியுங்கள். நனைந்த குளிரெல்லாம் பறந்துவிடும்!