கிவ் அப் (போர்த்துக்கேய மொழிபெயர்ப்பு)

கிவ் அப் என்பது ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள ஒரு வினைத்தொடர் ஆகும். "கொடு" எனப் பொருள்படும் கிவ், "மேலே" எனப் பொருள்படும் அப் ஆகிய இரு சொற்களும் இணைந்து, அவற்றின் தனிப்பொருளுக்குத் தொடர்பற்ற "விட்டுவிடு" என்னும் பொருளைத் தருகின்றன. இதற்கு ஈடான ஒற்றைச் சொல் போர்த்துக்கேய மொழியில் இல்லை. விடப்படுவது எது என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறுகின்றது.

முயற்சியும் பழக்கமும்

ஒரு முயற்சியைக் கைவிடுவதைக் குறிக்கத் தெசிஸ்தீர் என்னும் வினை பயன்படுகின்றது. விடுகதைக்கு விடை காண இயலாதவர் "தெசிஸ்து" என்று கூறித் தோல்வியை ஒப்புக்கொள்வார். ஆனால் புகைபிடித்தல் போன்ற பழக்கத்தை விடுவதற்குத் தெய்ஷார் தி அல்லது பரார் தி என்பனவே பொருத்தமானவை. இங்கே தெசிஸ்தீர் என எழுதினால், புகைபிடிக்கும் எண்ணத்தை ஒருவர் மாற்றிக்கொண்டார் என்பது போன்ற பொருள் தொனிக்கும்.

உரிமையும் இடமும்

தனக்குரிய ஒன்றை விட்டுக்கொடுப்பதை அப்ரீர் மவுங் தி என்பர். இதன் நேர்ப்பொருள் "கையைத் திறத்தல்" என்பதாகும். தமிழில் உள்ள "கைவிடுதல்" என்னும் சொல்லிலும் கையே அடிப்படையாக இருப்பது ஒப்பிடத்தக்கது. சட்ட ஆவணங்களில் உரிமையைத் துறப்பதற்கு ரெனுன்சியார் என்னும் வினை வரும். பேருந்தில் முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பது செதேர் ஆகும்.

சரணடைதலும் நம்பிக்கை இழத்தலும்

காவல்துறையிடம் சரணடைதல் என்த்ரெகார்-சி எனப்படும். போரில் எதிரியிடம் பணிதலுக்கு ரென்தேர்-சி என்பதும் வழங்குகின்றது. இவற்றில் உள்ள "சி" தன்னையே சுட்டும் பதிலிப்பெயர் ஆகும். போர்த்துகலில் இது பொதுவாக வினைக்குப் பின்னும், பிரேசிலின் பேச்சு வழக்கில் வினைக்கு முன்னும் வரும். நோயாளி பிழைக்கமாட்டார் என மருத்துவர்கள் கைவிரிப்பதைக் குறிக்கத் தெசெங்கனார் என்னும் தனி வினை உண்டு. "மயக்கத்தை நீக்குதல், உண்மையை உணர்த்துதல்" என்பது இதன் அடிப்படைப் பொருளாகும்.

குழந்தையைத் தத்துக் கொடுத்தல்

பெற்ற குழந்தையைத் தத்துக் கொடுப்பதற்கும் ஆங்கிலத்தில் கிவ் அப் என்னும் தொடரே வழங்குகின்றது. இதனை அபந்தொனார் (கைவிட்டுச் செல்லுதல்) என மொழிபெயர்ப்பது கடும் பிழையாகும். பிரேசிலின் 1940 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, பச்சிளங் குழந்தையை அவ்வாறு கைவிடுவது குற்றமாகும். மாறாக, குழந்தையைத் தத்துக்கு ஒப்படைக்க விரும்பும் தாய், சிறுவர் மற்றும் இளையோருக்கான நீதிமன்றத்தை நாடலாம். 1990 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் வளரிளம் பருவத்தினர் சட்டத்தில் 2017 இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கான நடைமுறையை வகுத்துள்ளது. பிறப்பு குறித்த மறைகாப்பு உரிமையையும் அது தாய்க்கு வழங்குகின்றது. இச்சட்டம் பயன்படுத்தும் வினை, "ஒப்படைத்தல்" எனப் பொருள்படும் என்த்ரெகார் ஆகும்.

எனவே நீதிமன்ற ஆவணத்திலோ மருத்துவமனைக் குறிப்பிலோ அபந்தொனார் என எழுதப்பட்டால், சட்டம் அனுமதித்த ஒரு செயல் குற்றமாகத் தோற்றமளிக்கும். தாயின் மீது பழியும் விழும்.

சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

மொழிபெயர்ப்பாளர் முதலில் விடப்படும் பொருளையும், அடுத்து அதைப் பெறுபவர் எவரேனும் உளரா என்பதையும் அறிதல் வேண்டும். பெறுபவர் உள்ள இடங்களில் செதேர், என்த்ரெகார் ஆகியவையும், பெறுபவர் இல்லாத இடங்களில் தெசிஸ்தீர், தெய்ஷார் தி ஆகியவையும் பெரும்பாலும் பொருந்தும்.