ஐப்பசிப் பழமும் மார்கழிப் பூவும்

மேல்நாடுகளில் அக்டோபர் மாதம் வந்துவிட்டால் மரங்கள் பொன்னிறங்கொண்டு இலையுதிர்க்கத் தொடங்கும். முதல் உறைபனி விழுமுன் ஆப்பிளையும் பேரியையும் பறித்துக் கிடங்கில் சேர்த்துவிட வேண்டுமென்று அந்நாட்டு விவசாயிகள் விரைந்து உழைப்பர். நமது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இதனைப் படித்துவிட்டு, நம் ஊரில் இலையுதிர் காலம் எப்போது என்று வினவுகின்றனர். நமக்கு அது இலையுதிர் காலமன்று, மழைக்காலம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர்; மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர். கூதிர் கழிந்து முன்பனி புகும் அந்தச் சில வாரங்களை நம்பித்தான் கடலூர் மாவட்டத்து முந்திரிக்காரரும் பலாக்காரரும் ஆண்டு முழுவதும் கடன் வாங்குகின்றனர், கடன் அடைக்கின்றனர். ஆகவே இவ்விஷயம் நமது அங்கத்தினர்களின் கவனத்துக்கு உரியதே.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நாம் நெய்வேலிக்குச் சென்றிருந்தோம். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைவதற்கு முன் முந்திரியும் புதரும் மண்டிய செம்மண் பூமியாக இருந்த இடம் அது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் நீருடன் கரிய பொருள் வெளிப்படக் கண்டு அரசுக்கு அறிவித்த வரலாறு யாவரும் அறிந்ததே. இன்று அங்கே வட்டம் வட்டமாக வகுத்த வீதிகளும், வீட்டுக்கு வீடு தோட்டமும், சாலைக்குச் சாலை நிழல்மரமும் காண்கிறோம். பல மாநிலத்தார் கூடி வாழும் நகரமாதலால் கடைத்தெருவில் பழம் வாங்குவோரிடமும் பல மொழி கேட்கிறது. வடநாட்டு அன்பர் ஒருவர் எம்மிடம், “இங்கே குளிர்காலம் வருவதை எப்படித்தான் தெரிந்துகொள்கிறீர்கள்?” என்று சிரித்துக்கொண்டே வினவினார். மார்கழி இரவிலும் இருபது டிகிரிக்குக் கீழே வெப்பம் அதிகம் இறங்காத ஊரில் அவர் அவ்வாறு கேட்டது நியாயமே. ஆனால் தெரிந்துகொள்வதற்கு வழி இருக்கிறது. பழக்கூடையிலேயே இருக்கிறது.

கடைத்தெருவில் அப்போது சீத்தாப்பழம் முடியும் தறுவாயில் இருந்தது. கோடை மழைக்குப் பின் விடும் புதுத் தளிரில் பூத்து, ஆவணி முதல் ஐப்பசி வரை பழம் தரும் மரம் இது. பூ பிஞ்சாக நிற்பதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். வறண்ட அனல் வீசினால் பூ கருகி உதிர்ந்துவிடும். ஆனால் முற்றிய காய்க்கோ அதே ஈரம் பகை. நன்கு விளைந்த சீத்தாவின்மேல் ஒரு பெருமழை விழுந்தால் தோல் வெடித்து, எறும்பும் ஈயும் புகுந்துவிடும். கண்களுக்கு இடையேயுள்ள பள்ளம் அகன்று வெளிர்மஞ்சள் தட்டியதும் தாமதியாமல் பறித்து, வைக்கோலில் வைத்துப் பழுக்கச் செய்வதே உத்தமம். குளிர் மிகுந்த நாளில் பறித்த பின்காய் பழுக்காமலே கறுத்துக் கல்லாய்ப் போவதும் உண்டு. பின்காயை நல்ல விலைக்கு வைத்திருப்போம் என்று பொறுப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

கொய்யாவின் குணம் இதற்கு நேர்மாறு. கூடை நிறையக் கொய்யா வைத்திருந்த மூதாட்டி ஒருவர், நாம் விலை கேட்டதும், “ஐயா, இது மழைக்காய். பார்வைக்குப் பெரிசு, வாயில் போட்டால் வெறும் தண்ணீர். பனி விழட்டும், அப்புறம் வாருங்கள், நீங்கள் கேட்காமலே நானே கொடுக்கிறேன்” என்றார். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்லும் வியாபாரியை நாம் கண்டது அரிது! அவர் கூறியது முற்றிலும் உண்மை. மழைநாளில் பழுக்கும் கொய்யாவில் நீர் மிகும், சர்க்கரை குறையும், பழஈயின் புழுவும் குடியேறும். வானம் வெளுத்து இரவு குளிரத் தொடங்கியபின் முதிரும் காய் சிறிதாயினும் இனிப்பும் மணமும் கூடியது. வாங்கிவிற்கும் சங்கங்கள் இவ்விரண்டு சரக்கையும் ஒரே விலையில் எடுப்பது விளைவிப்போருக்கும் நியாயமன்று, உண்போருக்கும் நியாயமன்று என்பது எமது அபிப்பிராயம்.

நெல்லிக்காய் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. இம்மரத்தின் செயல் விந்தையானது. மாசி பங்குனியில் பூக்கிறது. கருவுற்ற பூ உடனே காயாக வளர்வதில்லை. கோடை முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத அளவில் உறங்கிக் கிடந்து, மழை ஈரம் பட்டபிறகே காய் திரளுகிறது. கார்த்திகைக்குப் பின் பறிக்கிறோம். வறட்சியைத் தூங்கிக் கழிக்கும் இந்தச் சாமர்த்தியம் பல மரங்களுக்கு இல்லை.

இனி, பண்ணுருட்டிப் பக்கத்துச் செல்வமாகிய பலா. பெரும்பருவம் சித்திரை முதல் ஆனி வரை என்பது தெரிந்ததே. ஆயினும் ஐப்பசி கார்த்திகையிலும் பலாப்பழம் காண்கிறோம். பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் பணிக்கன்குப்பத்து மரமொன்றிலிருந்து தெரிந்தெடுத்து வெளியிட்ட பாலூர் 1 என்னும் வகை, மார்ச்சு முதல் ஜூன் வரை ஒரு தடவையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறு தடவையும் காய்க்கும் இயல்புடையது. பருவமல்லாப் பருவத்துப் பழமாதலால் விலை கிடைக்கிறது; ஆனால் அடைமழை பிடித்துக்கொண்டால் சுளை நீர்த்துவிடுகிறது. அதே நாட்களில் அடுத்த பருவத்துக்கான மூசும் அடிமரத்தில் தலைகாட்டும். ஆண்பூக் கதிர்கள் கறுத்துப் பூசணம் பிடித்து விழுவதைக் கண்டு புதிதாகத் தோப்பு வைத்தோர் கலங்குகின்றனர். மகரந்தம் உதிர்த்த கதிர் விழுவது இயற்கை, கலங்க வேண்டுவதில்லை. காம்பு தடித்த பெண்பிஞ்சும் அவ்வாறே கறுத்து விழுமாயின் அதுவே நோய். விழுந்தவற்றைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். அடிமரத்தருகே நீர் நிற்கவிடலாகாது.

வடநாட்டு அன்பரின் கேள்விக்கு வருவோம். ஐப்பசியில் மழை கொணர்வதும் வடகிழக்குக் காற்றே, மார்கழியில் பனி கொணர்வதும் அதே காற்றே. வடக்கே நிலம் குளிர்ந்ததும் காற்று அங்கிருந்து தெற்கு நோக்கித் திரும்புகிறது. வங்கக் கடலைக் கடக்கையில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து நம் கரையில் பெய்கிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இப்பகுதிக்கு இவ்வாறே கிடைக்கிறது. கடலில் தாழ்வழுத்தங்கள் தோன்றுவது ஓய்ந்ததும், அக்காற்று வறண்டு வாடையாய் வீசுகிறது. மேகம் விலகிய இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வானில் கழிய, விடியலில் பனி இறங்குகிறது. வேலியில் சிலந்தி வலைகள் முத்துக் கோத்தாற்போல் தோன்றும். சுரங்கத்து மண்மேடுகளின்மேல் மூடுபனி வெயிலேறும்வரை நிற்கும். பரங்கி பூத்து வாசற்கோலத்துக்கு வந்து சேரும். இரவு நீண்டாலன்றிப் பூவாத மொச்சையும் அவரையும் பந்தலிற் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும். உதடு வெடிப்பதையும் அடையாளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இவை எல்லாவற்றினும் எம் மக்கள் உற்று நோக்குவது முந்திரியின் கொழுந்தையே. மழை விட்டதும் கிளைநுனிகளில் செந்நிறத் தளிர் விடும். அத்தளிரின் முனையில் பூங்கொத்து எழும். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண்பூக்களே. காயாக நிலைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பூக்கும் காலத்தில் வானம் தெளிந்து உலர்ந்திருக்க வேண்டும். மேகமூட்டம் நாட்கணக்கில் நீடித்தால் தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி பெருகித் தளிரின் சாற்றை உறிஞ்சிவிடும். தோப்பு முழுவதும் தீயில் வாட்டினாற்போல் கருகி நிற்கும். மாம்பூவுக்கும் இதே கதிதான்; அதற்குச் சாம்பல் நோய்.

காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு தோப்பில் பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். தளிர் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. மரங்களைக் குத்தகைக்குக் கேட்டு வியாபாரி வந்து போயிருப்பதாகவும், பூவைக் காணுமுன் பேசினால் ஒரு விலை, கண்டபின் பேசினால் வேறொரு விலை என்றும் கூறினார். “பேசிவிட்டீர்களா, ஐயா?” என்றோம். “பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், தம்பி. முன்பணத்தைக் கண்ணிலே காட்டுகிறான். ஆனாலும் மனம் இடங்கொடுக்கவில்லை. கார்த்திகை கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்” என்றார். கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்னும் பழமொழியை அவர் நம்புகிறாரா என்று கேட்டோம். பதிலாக, தோப்பின் மேற்கு ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கிருந்த மரங்கள் அனைத்தும் இளையவை.

அப்பழமொழி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்த்தபோது மிகவும் பொய்த்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது மார்கழியில்தான். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியதும் மார்கழியில்தான். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில், பண்ணுருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் காலை விடிவதற்குள் சாய்ந்தன. அகன்று படர்ந்த கவிகையுடைய முந்திரி அத்தகைய காற்றைத் தாங்க வல்லதன்று. நெய்வேலி நகரத்துச் சாலை மரங்களும் ஏராளமாக வீழ்ந்தன. நெல் போனால் ஒரு போகம் போயிற்று என்று தேறலாம். தாத்தா வைத்த பலா போனால் பேரன் காலம் வரை காத்திருக்க வேண்டும். வட்டி கட்டும் கடனுக்கு ஈடாக நின்ற மரமே வேரோடு கிடந்தபோது, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அதனை எந்தப் பத்தியில் எழுதுவது?

அதன்பின் நடப்பட்டவை பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். விதைப் பலாவோ ஏழெட்டு ஆண்டு கேட்கும். பெரியவர் காட்டிய மேற்கு ஓரம் இவ்வாறு வந்ததே. கிளையைக் கவாத்து செய்து மரத்தைத் தாழ்த்தி வளர்த்தால் காற்றின் பிடி குறையுமென்று அவர் இப்போது ஒவ்வோராண்டும் கோடையில் அறுவாள் எடுக்கிறாராம். பழைய மரங்களுக்கு இதைச் செய்ய அந்நாளில் மனம் வரவில்லை என்று கூறி வருந்தினார்.

காற்று இல்லாமலும் கேடு வரும். 2015ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதியையொட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேட்டுச் செம்மண்ணில் நீர் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை அன்று பலருக்குத் தகர்ந்தது. தாழ்ந்த இடத்துப் பலா, நீரில் சில நாள் நின்றாலே வேர் அழுகி, மழை மறந்துபோன மாசியில் பட்டுப்போகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பின்னரும், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, மழை பெய்யாத நாளில் வெள்ளம் வந்தது. வானத்தை மட்டும் பார்த்துக் காலம் கணிப்பது இனிப் போதாது. அணையின் செய்தியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது நெசவாள அங்கத்தினர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருப்பர். அவர்களுக்கும் இதே நாட்காட்டிதான். குழித்தறியில் ஐப்பசியில் ஊற்றெடுத்தால் மிதிகட்டை நனைந்து வேலை நின்றுவிடும். கஞ்சியிட்ட பாவு வெயிலின்றி உலராது. அரைகுறையாய் உலர்ந்த பாவு பூசணம் பிடித்து நாற்றமடிக்கும். வாடை மிகவும் வறண்டாலோ நூல் அறும். பருத்தி நூலுக்குச் சிறிது ஈரமே பலம். ஆகவே மழையும் வேண்டாம், முற்றிய வறட்சியும் வேண்டாம்; பனி ஈரம் காற்றில் நிற்கும் மார்கழிக் காலை வேண்டும். முந்திரிப் பூவுக்குத் தெளிந்த வானம் கேட்கிறவரும் பாவுக்கு இளவெயில் கேட்கிறவரும் ஒரே வேளையில் கிழக்கே பார்க்கின்றனர்.

திரும்பும் வழியில் வடலூர் கடந்து குறிஞ்சிப்பாடியில் இறங்கினோம். கைலி நெசவுக்குப் பேர்போன அவ்வூரில், காலை முதல் மேகம் கலைந்திருந்ததால், தெருவில் பாவை நீள இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தனர். பாதி கட்டியிருக்கையில் கிழக்கே ஒரு கருமை தென்பட்டது. பாவின் மறுமுனையில் நின்ற அம்மையார் அதனைச் சற்று நேரம் பார்த்தார்; பிறகு, “கட்டுங்கள், அது கடலோடு போய்விடும்” என்று தம் வீட்டாரிடம் கூறிவிட்டுக் கயிற்றை இறுக்கினார்.