பட்டாவை அடகு வைத்துத்தான் ஜெர்மனிக்குப் போக வேண்டுமா?

திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமம். காலனியின் கடைசித் தெருவில், ஓடு மாற்றாத ஒரு வீட்டுத் திண்ணை. வீட்டுக்காரர் உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அறுபது சென்ட் நிலத்துக்கான பட்டா. அவருடைய அப்பா காலத்தில் கிடைத்தது.

"மூணரை லட்சம் கேக்கறாங்க சார். கட்டினா ஆறு மாசத்துல ஜெர்மனி, இல்லன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடுமாம். இத வச்சா பணம் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு."

மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறார். அந்தக் காலனியில் அந்தப் படிப்பை முடித்த முதல் பெண். அப்பாவுக்குக் கூலி வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

நான் கேட்ட முதல் கேள்வி, அந்த ஆளிடம் உரிமம் இருக்கிறதா என்பதுதான். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். மூன்றரை லட்சத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதனால்தான் அந்தப் பணத்துக்கு 'பயிற்சிக் கட்டணம்', 'ஃபைல் சார்ஜ்' என்று வேறு பெயர் வைக்கிறார்கள்.

வளைகுடாவுக்குப் போகும் செவிலியர்களுக்கு விதி இன்னும் கடுமை. சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு 2015 முதல் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். ஆள் எடுப்பதும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் 'நோர்க்கா ரூட்ஸ்' நிறுவனம், ஜெர்மனி அரசின் வேலைவாய்ப்புத் துறையோடு 2021-இல் ஒப்பந்தம் போட்டது. அதில் தேர்வாகும் செவிலியர் மொழிப் பயிற்சிக்குக்கூடப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆள் வேண்டும் என்கிறவன்தான் செலவு செய்ய வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்ட முறை.

ஆள் வேண்டும் என்பதும் பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருப்பதாகவும் 2023 கணக்கில் இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்றும் சொல்கிறது. உலகில் ஏழு செவிலியரில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். பணக்கார நாடுகளில் முதியவர்கள் பெருகிவிட்டார்கள், பார்த்துக்கொள்ளக் கைகள் போதவில்லை. ஆனால் ஏழை நாட்டின் ஆஸ்பத்திரியைக் காலி செய்து பணக்கார நாட்டின் ஆஸ்பத்திரியை நிரப்பக் கூடாது என்று 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்தது. அதன்படி ஆள் எடுப்பதில் தனிக் கவனம் தேவைப்படும் 55 நாடுகளின் பட்டியல் 2023-இல் வந்தது. நேபாளமும் வங்கதேசமும் பாகிஸ்தானும் அதில் உண்டு, இந்தியா இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு நேரத்தில் ஒற்றை நர்சு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அதற்காக, போகிற பெண்ணைக் குற்றம் சொல்ல முடியுமா? 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு மருத்துவமனையில் சேர்ந்த செவிலியர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்கள்.

இந்த வேலையின் பழைய கதையையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தம், சீழ், மலம், பிணம் என எல்லாவற்றையும் தொட வேண்டிய வேலை என்பதால் 'தீட்டு' என்று ஒதுங்கிய குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் முதலில் வெள்ளை உடுப்பு போட்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் பலர். வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியது, 1946-இல் பட்டப்படிப்பு வந்தது. இன்று யூரோவிலும் டாலரிலும் சம்பளம் என்றதும் எல்லாத் தெருவிலிருந்தும் வரிசையில் நிற்கிறார்கள். நல்லதுதான். அந்த வரிசையில் நம் பெண் பின்னால் தள்ளப்படக் கூடாது, அவ்வளவுதான்.

தள்ளப்படுவது எங்கே என்றால், மொழியில். ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராக வேலை செய்ய ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் தலா 7, அல்லது ஓ.இ.டி. தேர்வு. பிறகு கணினித் தேர்வு ஒன்று இங்கே, செய்முறைத் தேர்வு ஒன்று அங்கே. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ். தமிழ் வழியில் பிளஸ் டூ படித்து வந்த பெண்ணுக்கு ஊசி போடத் தெரியும், காய்ச்சல் பார்க்கத் தெரியும். நோயாளி எங்கே வலிக்கிறது என்று ஜெர்மனில் சொன்னால் புரிய ஒன்றரை வருடம் ஆகலாம். 'ஆறு மாதத்தில் ஜெர்மனி' என்பவர் இதைத்தான் மறைக்கிறார்.

இந்த இடத்தில்தான் தாட்கோ உதவும். நர்சிங் முடித்த ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியையும் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியையும் கட்டணம் இல்லாமல் தாட்கோ அறிவித்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தாட்கோ மாவட்ட மேலாளர் அலுவலகம் உண்டு. அடுத்த அறிவிப்பு எப்போது, வயது வரம்பு என்ன, வருமானச் சான்று எந்த ஆண்டுக்கு என்று அங்கேயே கேட்கலாம். ஆனால் இந்த அறிவிப்பு பேப்பரில் இரண்டு பத்தியாக வந்து போய்விடுகிறது. ஏஜென்டோ வாசலுக்கே வருகிறார்.

போனால் வார்டு வேலை மட்டும்தானா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைச் செவிலிய அதிகாரியாக 2017-இல் வந்தவர் குக் தீவுகளைச் சேர்ந்த எலிசபெத் ஈரோ. அந்த நாட்டின் மொத்த மக்கள் தொகை இருபதாயிரத்துக்கும் கீழே. அடுத்து 2022-இல் வந்தவர் டோங்கா என்ற இன்னொரு தீவு நாட்டின் அமேலியா துய்புலோட்டு. செவிலியராக இருந்து தன் நாட்டின் சுகாதார அமைச்சரானவர். நம் ஒன்றியங்கள் சில அந்த நாடுகளைவிடப் பெரியவை. தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிகள் பதிவு, காசநோயாளி வீட்டில் மற்றவர்களுக்குப் பரிசோதனை என்று கிராம சுகாதார செவிலியர் தினமும் செய்வதுதான் பொதுச் சுகாதாரத்தின் அடிப்படை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்பு படிக்க விரும்பினால், பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்கள். மாநில அரசிடம் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனித் திட்டம் இருக்கிறது.

கடல் தாண்டினால் சாதி போய்விடுமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வேண்டியிருந்தது. பிரிட்டனில் இந்தியக் குடும்பம் ஒன்றில் வீட்டு வேலை செய்த பீகார் ஆதிவாசிப் பெண்ணுக்கு, சம்பள பாக்கியாக 1,80,000 பவுண்டுக்கு மேல் தரச் சொல்லி 2015-இல் தொழிலாளர் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அங்கே போய்க் கேட்கச் சட்டம் இருக்கிறது, கேட்கத் துணிய வேண்டும்.

கடனோடு போகிறவருக்கு அந்தத் துணிவு வராது. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கிய 46 இந்தியச் செவிலியர்களில் பலர், படிப்புக் கடனை நினைத்தே திரும்பத் தயங்கினார்கள். குண்டைவிட வட்டி பயமுறுத்தியிருக்கிறது.

பெண் இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். அனுபவச் சான்று வேண்டும் என்பதால் சம்பளம் குறைவு என்றாலும் சேர்ந்துவிட்டார். தாட்கோ அலுவலகத்தில் பெயரும் எண்ணும் கொடுத்திருக்கிறார். பட்டா பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அப்பா போன வாரம் போனில் கேட்டது வேறு. "அட்வான்ஸ் பத்தாயிரம் திரும்ப வருமா சார்?" காவல் நிலையத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம் என்றேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். கொடுக்கவில்லையாம். ஏஜென்டின் போன் நம்பரும், அவர் வந்த பைக்கின் நம்பரும் மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.