ஆளைச் சுமந்து நடக்கும் ரோபோக்கள்

சக்கரம் உருள்வதற்கு இடைவெளி இல்லாத, ஓரளவு சமமான தரை வேண்டும். காலுக்கோ பாதம் ஊன்ற அங்கங்கே இடம் கிடைத்தால் போதும். படிக்கட்டிலும் சேற்றிலும் கரடுமுரடான சரிவிலும் மனிதரை ஏற்றிச் செல்ல, கால்களால் நடக்கும் இயந்திரங்களைப் பொறியாளர்கள் நாடியதற்கு இதுவே காரணம்.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரால்ஃப் மோஷர் ராணுவத்துக்காக ஒரு நான்கு கால் வண்டியை உருவாக்கினார். எடை சுமார் 1,400 கிலோ. ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயங்கியது. உள்ளே இருப்பவரின் கைகள் வண்டியின் முன்னங்கால்களையும், அவருடைய கால்கள் பின்னங்கால்களையும் இயக்கின. வண்டியின் கால் எதிலாவது முட்டினால் அந்த அழுத்தம் அவர் உடலுக்கும் தெரியும். ஆனால் நான்கு கால்களையும் ஒருவரே இடைவிடாமல் கவனித்து இயக்க வேண்டியிருந்ததால் சிறிது நேரத்திலேயே களைத்துப்போனார்.

இந்த வேலையை 1980களில் கணினி ஏற்றுக்கொண்டது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெக்கீ, கென்னத் வால்ட்ரன் குழுவினர் ஆறு கால் வண்டி ஒன்றை அமைத்தனர். ஆறு கால்களில் மூன்று தரையில் ஊன்றியிருக்க, மற்ற மூன்றும் முன்னே நகரலாம். ஊன்றிய பாதங்களுக்கு இடையிலான முக்கோணத்துக்கு நேர்மேலே எடைமையம் இருக்கும்வரை மெதுவாக நடக்கும் வண்டி கவிழாது. ஓட்டுநர் ஜாய்ஸ்டிக்கால் திசையையும் வேகத்தையும் மட்டும் காட்டுவார். எந்தக் காலை எப்போது தூக்குவது என்பது கணினியின் பொறுப்பு.

இரண்டு கால்களில் நடப்பது இன்னும் கடினம். ஒரு காலைத் தூக்கியதும் மற்றப் பாதம் ஒன்றே ஆதாரம். மேலே அமர்ந்தவர் சற்றுச் சாய்ந்தாலும் எடைமையம் இடம் மாறிவிடும். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகம் 2003இல் அறிமுகப்படுத்திய டபிள்யூஎல்-16 ரோபோவில், பாதத்தில் உள்ள உணரிகள் அழுத்த மாற்றத்தை அளக்கின்றன. அதற்கேற்ப இடுப்புப் பகுதியை நகர்த்திக் கணினி சமநிலையைக் காக்கிறது. ஒவ்வொரு காலிலும் நீண்டு சுருங்கும் ஆறு தண்டுகள் உள்ளன.

டொயோட்டாவின் ஐ-ஃபுட் 2005ஆம் ஆண்டு ஐச்சி உலகக் கண்காட்சியில் இடம்பெற்றது. உயரம் 2.36 மீட்டர், எடை 200 கிலோ. 60 கிலோ வரை சுமக்கும். ஒட்டகம்போலக் கால்களை மடக்கித் தாழ்ந்து ஆளை ஏற்றிக்கொள்ளும், படியும் ஏறும். ஆனால் அதன் வேகம் மணிக்கு 1.35 கிலோமீட்டர்தான்.

நடை ரோபோவுக்கு மோட்டார்களும் மின்சாரமும் கூடுதலாகத் தேவை. தவறினால் பயணி உயரத்திலிருந்து விழும் ஆபத்தும் உண்டு. எனவே சமதரையில் அது சக்கர நாற்காலிக்கு மாற்றாகாது. சக்கரம் செல்ல முடியாத இடங்களில்தான் அதற்குப் பயன் உண்டு.