இருட்டில் மலை, கணக்கில் விமான நிலையம்

கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு பழைய விமான டயரைப் பார்க்கலாம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிய டி.சி-8 விமானத்தின் டயர் அது. நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த விமானம், சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போகும் வழியில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்தது. 182 பயணிகள், 9 ஊழியர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் இன்றுவரை அதைவிடப் பெரிய விமான விபத்து நடந்ததில்லை.

விசாரணை சுட்டிய காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள்.

இருட்டிலோ மேகத்திலோ கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும்போது வெளியே பார்த்துச் சரிபார்க்க எதுவும் இல்லை. அந்த விமானிகள் சார்ந்திருந்தவை டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும். டொப்ளர், கீழே அலை அனுப்பி வேகத்தையும் காற்று தள்ளும் அளவையும் அளந்து, அதிலிருந்து இடத்தைக் கணிக்கிறது. சிறு பிழையும் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும். சுரபாயாவிலிருந்து வரும் வழியோ பெரும்பாலும் கடல்; பிழையைத் திருத்த அடையாளங்கள் அரிது. இரண்டு கருவிகளும் தவறாகப் புரிந்துகொள்ள இடம் தந்தன என்கிறது விசாரணை. 2,000 அடிவரை இறங்க அனுமதி கிடைத்திருந்தது. சுமார் 4,355 அடியில், கொழும்புக்கு இன்னும் 40 கடல் மைல் இருக்கும்போதே, மலை குறுக்கே வந்துவிட்டது.

வானத்தில் எதிர்பாராத சிக்கல் என்றதும் எஞ்சின் நிற்பதும் வானொலி செத்துப்போவதும்தான் நம் நினைவுக்கு வரும். அவை தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும். வானொலி போனால், விமானத்தை ராடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பொண்டரில் 7600 என்று வைக்க வேண்டும் என்பதுவரை நடைமுறை எழுதப்பட்டிருக்கிறது. தவறான நிச்சயம் எந்த விளக்கையும் எரியவிடாது. அதனால்தான் அது மற்றவற்றைவிடக் கொடியது என்பேன்.

அதற்கெதிரான ஒரே காப்பு உயரம். தன் இடத்தை வேறொரு வழியில் உறுதிசெய்யும்வரை பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மலைப் பகுதியில் மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும். இடமே சந்தேகமென்றால் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையே பக்கத்தில் நிற்பதாகக் கொள்ள வேண்டியதுதான். அதன் உயரம் 8,281 அடி. எனவே 10,281 அடிக்குக் கீழே வரக் கூடாது. இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொன்னால் இறக்கத்தை நிறுத்து, ஏறு, பிறகு கேள். இந்த வரிசை மாறக் கூடாது.

மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வேர்ஜீனியாவின் மவுண்ட் வெதரில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அங்கும் ஓடுபாதையை அணுக அனுமதி கிடைத்ததை, உடனே கீழே இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி பெரிய பயணிகள் விமானங்களில் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா உத்தரவிட்டது அந்த டிசம்பரில்தான்.

இறங்க அனுமதி தருவது கட்டுப்பாட்டாளர். ஆனால் ராடார் பார்த்து அவரே திசை சொல்லி வழிநடத்துவது போன்ற நேரங்கள் தவிர, மலையில் மோதாமல் காக்கும் பொறுப்பு விமானியுடையது என்பதே இன்றும் சர்வதேச விதி.