ஏரிக்கு மேலும் கீழும்

ஐதராபாத்தின் பாலாநகரில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இரானி சாயா குடித்துக்கொண்டு கிராமத்து நிலத்தைக் காப்பது பற்றிப் பேசலாமா? இங்கேதான் பேச வேண்டும். இந்தப் பக்கம் ஓடும் கூகட்பள்ளி நாலா, உசேன் சாகர் ஏரியில் விழும் ஓடைகளில் பெரியது. இன்று அதில் வருவது பெரும்பாலும் சாக்கடையும் ஆலைக் கழிவும்தான். ஏரியை மட்டும் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் நாற்றம் திரும்பி வருவது அதனால்தான்.

தெலங்கானாவின் ஏரி தனியாக இருப்பதல்ல. மேட்டில் பெய்த மழை ஒரு ஏரியை நிரப்பி, கலிங்கு வழியாக வழிந்து கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். நம் ஊர்ச் சங்கிலி ஏரிகளைப் போலத்தான். மதகைத் திறந்து வயல்களுக்குப் பங்கிட 'நீரடி' என்றொருவர் இருப்பார். கரையில் காவல் தெய்வமாகக் கட்ட மைசம்மா இருப்பாள். அவள் இருக்கும் இடத்தில் கரையை வெட்ட யாருக்கும் சட்டென்று மனம் வராது. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் பதுகம்மா பண்டிகைக்கு மேட்டுத் தரிசில் பூக்கும் ஆவாரம்பூவைப் பறித்து, அடுக்கி, சுற்றிவந்து பாடி, அதே ஏரியில் விடுவார்கள். தரிசு மனைகளாகிவிட்டால் பூவைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். மழைநீர் வரும் வழியை எங்கே போய் வாங்குவது?

2017-இல் டெல்லியில் கூடிய இகோமாஸ் (நினைவுச்சின்னங்கள், தலங்களுக்கான சர்வதேச மன்றம்) பேரவை ஏற்ற கொள்கைகளும் நிலத்துக்கும் வழக்கத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பையே சொல்கின்றன: பேரழகான இடம் மட்டுமல்ல, மக்கள் உழுது மேய்த்துப் பழகிய எந்த நாட்டுப்புற நிலமும் மரபுச் சொத்து; அவர்களுடைய அறிவும் வழக்கமும் அதில் சேர்த்தி.

2015-இல் தொடங்கிய தெலங்கானா அரசின் மிஷன் காகதீயா திட்டம், 46,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்களைத் தூர்வார இலக்கு வைத்தது. அள்ளிய வண்டலை விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோனார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஏரியையும் வயலையும் மறுபடி அது இணைத்தது. நகரத்தில் நடப்பது வேறு. வேலி, நடைபாதை, விளக்கு. வரத்துக்கால் மட்டும் கட்டடத்துக்கு அடியில். அது ஏரியைக் காப்பதாகாது. பழைய கிராம வரைபடத்தை விரித்து, வரத்துக்கால் எங்கே, கலிங்கு எங்கே என்று முதலில் அளந்து கல் நட வேண்டும். நடைபாதையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.