முன்பாரமும் பின்பாரமும்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேர்த் திருவிழாக் காலத்தில் படுவான்கரைப் பாதைகளைக் கண்டோர் ஒரு காட்சியை மறவார். முன்னே ஓர் உழவு இயந்திரம். பின்னே அது இழுக்கும் பெட்டி. பெட்டியின்மேல் வளைத்துக் கட்டிய தறப்பாள். உள்ளே பாய், பானை, அரிசிச் சாக்கு, தண்ணீர்ப் பரல். ஒரு குடும்பத்தின் வீடே சில்லின்மீது ஏறிச் செல்வது போன்ற தோற்றம் அது. வெள்ளாண்மை வெட்டுங் காலத்தில் வயல் வாடிக்குச் செல்வோரும் இவ்வாறே செல்வர். நம் முன்னோர் கூடாரவண்டியில் செய்த பயணத்தை நாம் இன்று உழவு இயந்திரப் பெட்டியில் செய்கின்றோம்.

வீட்டை உடன்கொண்டு செல்லும் இவ்வாசை நமக்கு மட்டும் உரியதன்று. 1885ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், படுக்கையும் அடுப்பும் அமைந்த ஒரு வண்டியை இன்பப் பயணத்துக்கென்றே இங்கிலாந்திற் செய்வித்தார். அதனை இழுத்தவை இரு குதிரைகள். பின்னர் குதிரைகளின் இடத்தை மோட்டார் வண்டி பெற்றது. இழுப்பது எதுவாயினும், இழுக்கப்படுவது ஆபத்தின்றிப் பின்தொடர வேண்டுமாயின் சில நெறிகள் உள. அவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணமுண்டு. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் முன் யாமும் நண்பர் சிலரும் ஒரு திருவிழா முடிந்து இத்தகைய பெட்டியில் திரும்பினோம். புறப்படும் வேளையிற் பெட்டியை இயந்திரத்தோடு பிணைக்கும் ஆணியைக் காணவில்லை. அருகிற் கிடந்த கட்டடக் கம்பித் துண்டொன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் யாமே. பாத்திரங்கள் யாவும் பின்புறத்தில் அடுக்கப்பட்டிருந்தன. இளைஞர் பலர் காற்று வாங்கும் பொருட்டுப் பின்விளிம்பில் அமர்ந்திருந்தனர். குளக்கட்டொன்றின் ஏற்றத்தில் ஏர்க்கால் மேலெழுந்தது. கம்பி துள்ளி வீழ்ந்தது. பெட்டி பின்னோக்கி உருண்டு குடைசாய்ந்தது. இக்கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பர் ஒருவரின் இடக்கால் அதன் கீழ் அகப்பட்டது. இன்றும் அவர் ஊன்றுகோலுடனேயே நடக்கின்றார். அவர் எம்மை ஒருநாளும் குறை கூறியதில்லை. அதுவே எமக்குப் பெருஞ்சுமை.

அன்று யாம் அறியாதிருந்தது புதிய கலையன்று. பழைய வண்டிக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருந்ததே. பாரம் ஏற்றியவுடன் அவர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழ, பூட்டாங்கயிறு எருதின் தொண்டையை நெரிக்கும். ஆகவே சிறிது முன்பாரம் இருக்குமாறு மூட்டைகளை நகர்த்தி வைத்த பின்னரே அவர் புறப்படுவார். இருசில்லுப் பெட்டிக்கும் இதுவே முதல் விதி. மேல்நாடுகளில் மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் பயணப் பெட்டி 1,000 கிலோ எடையுள்ளதாயின், கொளுக்கியின்மீது 50 முதல் 70 கிலோ வரை பொறுக்க வேண்டுமெனப் பிரித்தானியரும், 100 முதல் 150 கிலோ வரை பொறுக்க வேண்டுமென அமெரிக்கரும் கூறுவர். அளவு வேறுபடினும் கருத்து ஒன்றே: பாரம் சிறிது முன்னே இருத்தல் வேண்டும்.

பின்பாரம் மிகுந்தால் நேர்வது யாது? கொளுக்கி மேல்நோக்கி இழுக்கப்படும். இயந்திரத்தின் பின்சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலிமையை இழக்கும். வேகம் கூடும்போது பெட்டி இருபுறமும் ஊசலாடும். முன்பாரம் அளவு கடந்தாலோ இயந்திரத்தின் முன்சில்லுகள் இலேசாகித் திருப்புதற்கு அடங்கா. எனவே பாரமான பொருள்கள் அச்சுக்கு அண்மையிலும் சற்று முன்னேயும், பெட்டியின் அடித்தளத்திலும் இருத்தல் வேண்டும். 200 லீற்றர்ப் பரல் நிறையத் தண்ணீர் கொண்டால், தண்ணீர் மட்டுமே 200 கிலோ எடையாகும். அதனைப் பின்மூலையில் வைத்தல் நாலைந்து பேரைப் பின்விளிம்பில் இருத்துவதற்கு ஒப்பாகும். அரைகுறையாக நிரம்பிய பரலில் நீர் அலைந்து பெட்டியையும் அலைக்கும். ஆதலின் அதனை நிரப்பி மூடுக, அன்றேல் வெறுமையாகக் கொண்டு செல்க.

அடுத்தது பிணைப்பு. துளைக்கு அளவான உருக்காணியே வேண்டும். அது துள்ளி வீழாதவாறு அதன் கீழ்நுனியில் காவலூசி மாட்டப்பட வேண்டும். ஆணி முறியினும் பெட்டி பிரிந்து ஓடாதிருக்க, இரு சங்கிலிகளை ஏர்க்காலின் கீழே ஒன்றையொன்று குறுக்கிடுமாறு பூட்டுதல் நலம். அப்போது வீழும் ஏர்க்கால் நிலத்திற் குத்தாது சங்கிலியின்மேல் தங்கும். சங்கிலி நிலத்தில் இழுபடவுங் கூடாது. வளைவில் விறைக்கவுங் கூடாது. பெட்டியை இயந்திரத்தின் உரிய தாழ்ந்த கொளுக்கியிலேயே பூட்டுக. பின்னச்சிலோ அதற்கு மேலோ கட்டி இழுத்தால், ஏற்றத்தில் இயந்திரத்தின் முன்பகுதி மேலெழுந்து, சாரதிமேல் மல்லாந்து வீழும். அதனைத் தடுக்க அவருக்குக் கண்ணிமைக்கும் நேரமும் கிடையாது.

நிறுத்துதல் இழுத்தலினும் அரிது. நம் பெட்டிகள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் இல்லை. அவற்றின் பாரத்தையும் இயந்திரமே தடுத்து நிறுத்த வேண்டும். வேகம் இருமடங்கானால் தடுக்க வேண்டிய ஆற்றல் நான்மடங்காகும். வயலிற் திரும்புவதற்கென இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியே அமைந்த பிரேக் மிதிகளைத் தெருவில் ஏறுமுன் ஒன்றாகப் பூட்டிவிடுக. ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒருபுறம் திரும்பப் பெட்டி அதனைத் தள்ளிக் கவிழ்க்கும். இறக்கத்தில் இறங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றுக. நடுவிற் கிளச்சை மிதித்து உருளவிடுதல் பேதைமை.

நம்மவர் லேண்ட்மாஸ்டர் என வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கு மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. சமநிலத்தில் இடக்கைப் பிடியை அழுத்தினால் இயந்திரம் இடப்புறம் திரும்பும். ஏனெனில் இடச்சில்லு வலுவிழக்க, வலச்சில்லு தள்ளுகின்றது. இறக்கத்திலோ பெட்டியின் பாரம் பின்னிருந்து உந்துவதால், இயந்திரம் சில்லுகளைத் தள்ளாது தடுத்துக்கொண்டிருக்கும். அப்போது இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு தடையின்றி விரைந்தோட, இயந்திரம் வலப்புறம் திரும்பும். இதனை அறியாது குளக்கட்டிலும் பாலத்து இறக்கத்திலும் கவிழ்வார் உளர். அங்கே பிடியைத் தொடாது, கைக்கோலைத் தள்ளியே மெல்லத் திருப்புதல் வேண்டும்.

முன்னர் மண்முனைத் துறையைப் படகேறிக் கடந்தோம். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் எழுந்தது. பாதை நன்றானமையின் வேகமும் மிகுந்தது. ஆயின் வாவியின்மேற் காற்றுக்குத் தடையில்லை. கச்சான் வீசுங் காலத்தில் உயரக் கட்டிய தறப்பாள் பாய்மரம் போற் காற்றை வாங்கும். பாலத்தை அணுகுமுன் இருபக்கத் தறப்பாளையும் சுருட்டிக் கட்டிக் காற்றுக்கு வழிவிடுக, வேகத்தையும் குறைக்க.

இனிப் பெட்டியிற் கொள்ள வேண்டியவற்றைக் கூறுவாம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். வழியின் மேடுபள்ளங்களை எண்ணி முன்னரே காத்துக்கொண்ட அவ்வறிவு நமக்கும் வேண்டும். மாற்றுச் சில்லு, தூக்குபொறி, மாற்று ஆணி, சில்லுக்கு அண்டை கொடுக்கும் இரு மரக்கட்டைகள், மருந்துப் பெட்டி ஆகியவை இன்றியமையாதன. பெட்டியைக் கழற்றுமுன் சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் மரபாதல் வேண்டும். தறப்பாளுக்குள் அடுப்பு மூட்டலாகாது. எரிவாயுக் கொள்கலனை நிமிர்த்திக் கட்டி, வாயை மூடியே கொண்டு செல்க. இரவிற் பெட்டியின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடுகள் இரண்டும், எரியும் சிவப்பு விளக்கும் இருத்தல் வேண்டும். பழுதுற்று நிற்கும் விளக்கற்ற பெட்டி, விரைந்துவரும் மோட்டார்ச் சைக்கிளுக்கு யமன்.

ஆட்களை என்செய்வது? பொருள்கள் பெட்டியிற் செல்க. மக்கள் பேருந்திற் செல்க. இதுவே நேர்மையான விடை. பேருந்து செல்லா வயற்பாதையில் வேறு வழியின்றி ஏறுவோர், அடித்தளத்தில் அச்சுக்கு முன்பக்கமாக அமர்க. ஏர்க்காலிலும், இயந்திரத்தின் சில்லு மறைப்பிலும், பெட்டியின் விளிம்பிலும் எவரையும் இருக்கவிடலாகாது. சிறுவரை ஒருபோதும் விடலாகாது.

மயிற்பீலியேயாயினும் அளவு மிகுந்தால் அச்சை முறிக்கும் என வள்ளுவர் கூறியதை வகுப்பிற் பலகாலும் கற்பித்து வருகின்றோம். கற்பித்த யாமே ஒரு கம்பித் துண்டை ஆணியென நம்பினோம். நூலறிவு வேறு, அது கைக்கு வந்து சேர்தல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

இம்மலரில் எதைப்பற்றி எழுதலாம் என அந்நண்பரிடம் வினவியபோது, “அந்த ஆணியைப் பற்றி எழுதுங்கள்” என்றார். எழுதிவிட்டோம். இதனைப் படிக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த பயணத்தின் முன் ஒருகணம் குனிந்து, கொளுக்கியின் ஆணியைக் கையால் தொட்டுப் பார்ப்பாராயின், கல்லூரி அன்னையின் விழாவுக்கு யாம் அளித்த சிறு காணிக்கை பயனுடையதாகும்.